கடிபடாத மீன் துண்டு

"மாடியில குடியிருக்கிறவன் என் பூனைக்கு விஷம் வச்சுட்டான் சார். அவன் சாமானை எல்லாம் தெருவுல எறிஞ்சிட்டுத்தான் வரேன். போலீசுக்குப் புகார் எழுதிக் கொடுங்க."

தையல்காரம்மா உட்கார மறுத்தார். பின்னால் நின்ற கணவர் கையில் ஒரு தட்டு. பொரித்த மீன் துண்டு ஒன்று, சுற்றிலும் எலி மருந்து வில்லைகள். காலையில் மாடிப்படியில் தாம்தான் அதைக் கண்டெடுத்ததாகச் சொன்னார்.

"புகார் எதுக்கு? அவன் போனதே போதும்" என்று முணுமுணுத்தார்.

ஓய்வுபெற்ற போலீஸ் ஆய்வாளர் தட்டை வாங்கி முகர்ந்தார். "பூனை எப்ப கடைசியா சாப்பிட்டது?"

"முந்தாநாள். நேத்துல இருந்து ஆஸ்பத்திரியில கிடக்கு. அவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது."

ஆய்வாளரின் தங்கை மகள் அந்தக் கால்நடை மருத்துவமனையில்தான் டாக்டர். பூனையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "மாமா, அதோட ரத்தத்துல..." என்று துள்ளினாள். அவர் கண்ணாலேயே அடக்கினார்.

நால்வரும் கிளம்பினார்கள். தையல்காரம்மா வீட்டு வாசலில் மாடிக்காரர் தம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மெத்தை சாக்கடையோரம் நனைந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சமையலறைக்குள் நுழைந்ததும் ஆய்வாளர் கணவரைக் கேட்டார்: "அம்மா கடைக்குப் போனா பூனைக்குச் சாப்பாடு யாரு போடுறது?"

"நான்தான். கோழி சூப் ஊத்துவேன். அதுவும் வெங்காயத்தை வடிகட்டிட்டுத்தான்."

"வெங்காயத்தைப் பத்தி யாரும் உங்களைக் கேக்கலையே."

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லும்மா" என்றார் ஆய்வாளர், தங்கை மகளிடம்.

"பூனைக்கு வெங்காயம், பூண்டு ரெண்டுமே ஆகாது. ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவையே உடைச்சிடும். வடிகட்டினாலும் சாறு சூப்புல இறங்கியிருக்குமே. ஈறு வெளுத்துப்போய், மூத்திரம் கறுத்துப்போய் இருக்கு. எலி மருந்து இப்படிச் செய்யாது."

"அப்போ அந்தத் தட்டு?" என்றார் தையல்காரம்மா.

"மீன் இன்னிக்குப் பொரிச்சது" என்றார் ஆய்வாளர். "அதுல ஒரு பல் படலை. முந்தாநாளே சாப்பாட்டை விட்ட பூனைக்கு இன்னிக்கு எதுக்கு விஷம்? அது பூனைக்கு வச்சதில்லைம்மா, உங்க கண்ணுல படணும்னு வச்சது. கண்டெடுத்தவரையே கேளுங்க."

கணவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "நேத்து போன்ல பார்த்தேன், வெங்காயம் பூனையைக் கொல்லும்னு. தெரியாமத்தான் கொடுத்தேன். நீ என்னை உயிரோட விடமாட்டேன்னு பயந்துட்டேன்."

ஆய்வாளரின் குரல் உயரவில்லை. தட்டைக் கணவர் முன்னால் வைத்தார். "தெரியாமக் கொடுத்ததை மன்னிக்கலாம். நேத்தே டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு ராத்திரி வைத்தியம் வீணாகியிருக்காது. அதை மறைச்சு, ஒரு மனுஷனைத் தெருவுல நிறுத்தினீங்களே, அதுக்கு என்ன பேரு?"

தையல்காரம்மா கணவரை அடிக்கவில்லை, அழவுமில்லை. "மெத்தையைத் தூக்குங்க" என்றார். "பாத்திரம், அடுப்பு, எல்லாத்தையும் நீங்களே மேல ஏத்துங்க. நானும் துணி எல்லாத்தையும் துவைச்சுத் தரேன்."

வாசலுக்கு வந்து மாடிக்காரரிடம் நடந்ததைச் சொன்னார். கைகூப்பினார்.

மாடிக்காரர் நிதானமாக எழுந்தார். "பூனை பிழைக்குமா?"

"ரத்தம் ஏத்தியிருக்கோம். பிழைச்சிடும்" என்றாள் டாக்டர்.

"நல்லது. சாமானை மேல ஏத்த வேண்டாம்மா. வேற வீடு பார்த்துட்டேன். கேக்காமலே என்னைக் கொலைகாரன்னு முடிவு பண்ணின வீட்டுல எனக்குத் தூக்கம் வராது."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நனைந்த மெத்தையை இரண்டு கையாலும் பிடித்தபடி கணவர் படியில் நின்றார். ஏற்றுவதா இறக்குவதா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.