அவனா, இவனா

பதிவில் அம்மா மூச்சு விடுகிற இடத்தில் இன்னொரு மூச்சும் கேட்டது. மடிக்கணினியின் ஓட்டையில் ஹெட்போனை நேரே செருகிக் கேட்ட காலத்தில் அது கேட்டதே இல்லை. கனடாவிலிருந்து அண்ணன் கனிசியஸ் அனுப்பிய கறுத்த பெட்டியை இடையில் பூட்டிய பிறகுதான் கேட்கிறது. ஜெனிஸ்ரன் பதிவை நிறுத்தினான். வெள்ளிக்கிழமைப் பின்னேரம். மனைவி றொசாந்தி சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். யன்னல் வழியாகக் குருநகர்த் தெருவின் கருவாட்டு மணமும், யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்குகிற சத்தமும் வந்தன. வீட்டில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

"என்ரை மூச்சுத்தானே, விசரா" என்று தன்னையே ஏசிக்கொண்டான். பதிவு செய்த அன்றைக்குக் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கட்டிலடியில் இருந்தவன் அவன்தான். தடிமன் பிடித்து மூக்கு வேறு விசிலடித்துக்கொண்டிருந்தது.

படுக்கையில் விழுந்த செபஸ்தியம்மாவைத் தூக்கியது, துடைத்தது, பீ அள்ளியது எல்லாம் ஜெனிஸ்ரன். அம்மாவின் வாயில் இருந்ததோ கனிசியஸ். கனடாவில் பனி கொட்டுமாம், பிள்ளைக்குக் குளிருமாம். பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்குகிறவனுக்கு ஒரு நல்ல சொல் கிடையாது. சாவதற்கு முதல் நாளும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்து மூத்தவனோடு கதைத்தாள், கொஞ்ச நேரம் இவன் பக்கம் திரும்பி மூத்தவனைப் பற்றிக் கதைத்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். அழைப்பைப் பதிந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஜெனிஸ்ரன் அதைக் கவனிக்கவில்லை.

பதிவில் அந்த இடம் இப்படிக் கேட்டது: "...வன் பாவம் மோனை." அதற்குப் பிறகு வெறும் முணுமுணுப்பு. முதல் எழுத்தை இரைச்சல் தின்றுவிட்டது. இவனைப் பார்த்து 'அவன் பாவம்' என்றாளா? அப்படியென்றால் அது கனடாக்காரனுக்கு. கைபேசியைப் பார்த்து 'இவன் பாவம்' என்றாளா? அப்படியென்றால், கடவுளே, சாகிற நேரத்திலாவது அம்மா தனக்காக ஒருமுறை இரங்கியிருக்கிறாள். ஒரு எழுத்துத்தான். அதற்காக அவன் நித்திரை இல்லாமல் கிடந்தான். செத்தவீடுகளை வெளிநாட்டுக்கு நேரலையாகக் காட்டுவதுதான் அவனுடைய பிழைப்பு. ஊரார் அழுகையைத் துல்லியமாக அனுப்பத் தெரிந்தவனுக்குத் தாயின் ஒரு எழுத்துக் கேட்கவில்லை.

அண்ணனிடம் சொன்னபோது, "உந்த லப்டொப் ஓட்டைக்குள்ளாலை கேட்டா இரையத்தான் செய்யும். டாக் ஒண்டு அனுப்பிறன், பூட்டிக் கேள்" என்றான்.

"நீ ஒருக்கா வாவன்."

"லீவில்லையடா."

செத்தவீட்டுக்கும் அவனுக்கு லீவில்லை. பெட்டிக்கு மட்டும் எப்படியோ லீவு கிடைத்து வந்து சேர்ந்தது.

கணினி வைத்திருக்கிற எண்களைச் சத்தமாக மாற்றுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. இரைச்சல் பாதி குறைந்தது. மிச்சம் எங்கிருந்து வருகிறதென்று ஜெனிஸ்ரனுக்குத் தெரியும். இந்த வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை. இரைச்சல் சார்ஜர் வழியாகக் கணினிக்குள் ஏறி, யூஎஸ்பி வயரால் பெட்டிக்குள்ளும் போகிறது. சார்ஜரைப் பிடுங்கினான். இணையத்தை அணைத்தான். கணினி தன் பாட்டில் எதையும் கலக்காமல் பதிவை நேரே பெட்டிக்குக் கொடுக்கும்படி மாற்றினான். தலைக்கு மேலே சுற்றிய விசிறியையும் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து போட்டான்.

அந்த அறையே திறந்துகொண்டது. முன்பெல்லாம் மண்டையின் நடுவில் குவிந்து கிடந்த சத்தங்கள் இப்போது தத்தம் இடத்துக்குப் போய் நின்றன. முன்னால் அம்மா, அவள் புரளும்போது முனகுகிற கட்டில், மேலே அன்றைய விசிறி, தூரத்தில் கடற்கரைப் பக்கம் குரைக்கிற நாய், கன்னத்தோடு ஒட்டினாற்போல் மூக்கடைத்த தன் சொந்த மூச்சு. விசில் அதில்தான் இருந்தது. ஆகவே மற்றது அவனுடையது இல்லை. அது விசிலடிக்கவில்லை. ஈரமாக, ஆறுதலாக, வலப்பக்கம் பின்னாலிருந்து வந்தது, காதுக்குக் கிட்ட.

அன்றைக்கு அறைக் கதவு சாத்தியிருந்தது. றொசாந்தி சந்தைக்குப் போயிருந்தாள்.

இது பெட்டியின் கோளாறாக இருக்கவேண்டும் என்று மனம் கெஞ்சியது. ஆனால் தொழில் தெரிந்தவன் அல்லவா, அந்தப் பொய்யை அவனால் நம்ப முடியவில்லை. பதிவில் இல்லாத மூச்சை எந்தப் பெட்டியும் கொண்டுவந்து போடாது. நிறுத்திவிட்டு எழும்பியிருக்கலாம். ஆனால் அந்த எழுத்து வரப்போகிறது. இவ்வளவு காலம் காத்திருந்த எழுத்து. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

அம்மா தலையைத் திருப்பினாள். தலையணை சரசரத்தது. அவள் பேசியது கைபேசியோடு இல்லை. இவனோடுதான்.

"உவன் பாவம் மோனை."

'அ' இல்லை. 'இ'யும் இல்லை.

உவன். அங்கே தூரத்தில் இருப்பவன் அல்ல, சொல்பவளின் கையருகே இருப்பவனும் அல்ல. கேட்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன்.

முணுமுணுப்பும் இப்போது சொற்களாகப் பிரிந்து வந்தது. "கனநேரமா உனக்குப் பின்னாலை நிக்கிறான். இருக்கச் சொல்லு."

முதலில் வந்தது ஆத்திரம்தான். எவனோ ஒருத்தனுக்கு இரங்க வாய் வந்ததே, பெத்த தாயே! பீ அள்ளின எனக்கு வரவில்லையே! கண் கலங்கியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, முதுகுத்தண்டு வழியாக, மெல்ல.

நிறுத்தினான்.

அம்மா நின்றாள். விசிறி நின்றது. நாய் நின்றது. மூக்கடைத்த மூச்சும் நின்றது.

மற்ற மூச்சு நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினான்.

நிற்கவில்லை.

வலக்காது மட்டும் குளிர்ந்தது. திரும்பக் கூடாது. திரும்பவே கூடாது. மேசையைப் பிடித்துக்கொண்டான்.

கேற் திறக்கிற சத்தம். றொசாந்தி! கோயில் முக்காட்டோடு வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய வலத்தோளுக்கு மேலே பார்த்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஆர் உவர்?"

அவன் மேசையை விடவில்லை.

அவள் காத்திருந்தாள். பிறகு, யாரோ பதில் சொல்லக் கேட்டவள்போல மெல்லத் தலையாட்டினாள்.

"ஐயோ, இவ்வளவு காலமும் நிண்டுகொண்டோ? பாவம். இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

அவள் குசினிக்குள் போனாள். ஜெனிஸ்ரனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காராமல் கிடந்த கதிரை, நிலத்தில் உரசிக்கொண்டு, மெல்லப் பின்னுக்கு இழுபட்டது.