வாசல் பலகையின் எண்

சூறாவளிக்கு விடுமுறை விட்டிருந்தும் பெய்-யூன் சின்ச்சு நகரத்துப் பழைய கட்டடத்துக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் நிரல்களைச் சேர்த்துவைத்திருக்கும் சர்வர் அறை அங்கேதான். அதில் ஒரு வரி கெட்டாலும், அதையும் ஆயிரக்கணக்கான கணினிகள் நம்பி இறக்கிக்கொள்ளும். காலையிலிருந்து யாரோ அதில் கைவைத்துக்கொண்டிருந்தார்கள்.

புகுந்த கணக்கு லியாவுடையது. அவளோடு வேலைபார்த்த லியாவ் வசந்தத்தில் இறந்துபோனவன்.

அட்டையைக் காட்டி உள்ளே போனாள். கதவின் இருபுறமும் உள்ள பலகை ‘உள்ளே: 1’ என்று மாறியது. தீப்பிடித்தால் அதை அணைக்க அந்த அறையில் மூச்சை அடைக்கும் வாயு பாயும். ஆள் இருக்கும்போது பாயக்கூடாதே என்று வைத்த எண்ணிக்கை அது.

சர்வர்கள் சமர்த்தாக ஓடட்டும் என்று அவற்றின் தலையில் வைத்திருந்த பச்சை நிறப் பொரிப் பைகள் விசிறிக் காற்றில் சரசரத்தன. மூலை மேசையில் உட்கார்ந்து திரையைத் திறந்தாள். லியாவ் பெயரில் திருத்தங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எங்கிருந்து என்று காட்டும் இடம் காலி. அது காலியாக இருக்கவே முடியாது.

மூத்த சகா ஜுவோவை அழைத்தாள்.

“அண்ணா, லியாவோட பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?”

அந்தப் பக்கம் மழை இரைச்சலுக்கு நடுவே ஜுவோ பேசினார்.

“திட்டாத. அவன் சாவுக்கு, எரிச்சா அவன்கிட்டப் போய்ச் சேரும்னு காகித லேப்டாப் எரிச்சோம்ல, அதுல எழுதிவிட்டேன். வேலை இல்லாட்டி அங்க அவனுக்குப் பைத்தியம் பிடிக்குமேன்னு.”

“நெஜப் பாஸ்வேர்டா?”

“பொய்யா எழுதினா என் கனவுல வந்துல்ல கத்துவான்.”

“கணக்கையாவது மூடியிருக்கலாம்ல?”

“மனசு வரல, பெய்-யூன்.”

அவளுக்கும்தான் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் எந்நேரமும் காலாட்டிக்கொண்டிருப்பான் லியாவ். எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன். ஆனாலும் செத்தவன் கை பட்ட நிரலை உலகத்துக்கு எப்படி அனுப்புவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கை மூடினாள்.

திருத்தங்கள் நின்றன.

விசிறிகளின் இரைச்சலும் தணிந்தது.

“போயிட்டான் அண்ணா,” என்று கிசுகிசுத்தாள்.

“பெய்-யூன்...” ஜுவோவின் குரல் இறங்கியிருந்தது. “லேப்டாப்போட நான் இன்னொண்ணும் நெருப்புல போட்டேன்.”

“என்னது?”

“கதவு அட்டை. காகிதத்துல. அவன் போட்டோ ஒட்டி.”

கதவு பீப் என்றது.

திறந்தது. யாரும் வரவில்லை. தானாக மூடிக்கொண்டது. குளிர்ந்த அறைக்குள் ஊதுபத்தி மணம் பரவியது.

‘உள்ளே: 2’.

பக்கத்து நாற்காலி, யாரோ காலாட்டுவதுபோல, மெல்ல அதிரத் தொடங்கியது.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். அட்டையைக் காட்டி வெளியே பாய்ந்து, பூட்டு விழும்வரை கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கணக்கும் இல்லை, கதவும் பூட்டியாயிற்று. அவன் உள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும், பலகையில் ஒன்று என்றே நிற்கட்டும். இப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள்.

‘உள்ளே: 0’.