மஞ்சள் கோடு இல்லாத வண்டி

பேச்சை நிறுத்திய பிறகும் வண்டிக்குள் ஏதோ மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால். போர்ட் அகஸ்டா நகரம் பின்னால் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. பின்சீட்டிலிருந்து மகள் எல்சி ஏதோ சொன்னது போலிருக்க, கெரின் போனில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் அரட்டையை விரலால் தட்டி நிறுத்தினாள். இரண்டு ஆண்களின் குரல்களும் சட்டென்று அறுந்தன. அவை அறுந்த இடத்தில், டயர்களின் இரைச்சலுக்கும் ஏசியின் முனகலுக்கும் அடியில், மெல்லிய காற்று ஒன்று போய் வந்துகொண்டிருந்தது. உள்ளே. வெளியே. நடுவில் ஒரு நிறுத்தம். மறுபடி உள்ளே.

"என்னடி செல்லம் கேட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கலயே." எல்சி இடது ஜன்னலோரம், காலுக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெஜிமைட் தடவிய டோஸ்ட்டின் ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. "அவங்களப் பேச விடும்மா. அந்தத் தாத்தா சிரிக்கிறது நல்லாருக்கு."

கெரின் பேச்சை மறுபடி ஓடவிட்டாள். புது ஸ்பீக்கர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். புதிது என்றால் அவளுக்குப் புதிது.

வெள்ளி இரவும் சனி இரவும் போர்ட் அகஸ்டா முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அந்த இரண்டு இரவும் எல்சி பெரியம்மா வீட்டில் படுத்துக்கொள்வாள். ஞாயிறு விடிந்ததும் மகளை ஏற்றிக்கொண்டு வடக்கே நூற்று எழுபது கிலோமீட்டர், பிம்பாவிலிருக்கும் வீட்டுக்கு. கணவன் க்ளென் சுரங்கத்தில்; பதினைந்து நாள் உள்ளே, பதினைந்து நாள் வீட்டில். இது அவன் உள்ளே இருக்கும் வாரம்.

போன மாதம் இதே சாலையில் அவள் தூங்கிவிட்டாள். எத்தனை நொடி என்று தெரியாது. சாலையின் ஓரக்கோட்டில் வரிவரியாகப் பதித்திருந்த மேடுகள் டயருக்கடியில் டர்ர்ரென்று அதிர்ந்து அவளை எழுப்பின. ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியைத் தார் மேல் ஏற்றியபோது பின்னாலிருந்து எல்சி கேட்டாள்: "அம்மா, ரோடு ஏன் உறுமுது?"

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கத்தை விரட்டக் காபி போதாது, புளிப்பு மிட்டாய் போதாது, பாட்டு தாலாட்டிவிடும். மனிதக் குரல்தான் அவளை விழித்திருக்க வைக்கும். ஆனால் கதவிலிருந்த பழைய ஸ்பீக்கர்கள் பத்துப் பன்னிரண்டு கோடைகளில் வெந்து விளிம்பு கிழிந்து, எந்தக் குரலையும் டப்பாவுக்குள் மாட்டிய வண்டாக ஆக்கிவிட்டிருந்தன. சாலை இரைச்சலை அவை வெல்லவில்லை. அவற்றை மாற்றினால் போதும் என்று தோன்றியது. வேலையை விடுவதை விட அது எளிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நெவ்வின் காயலான் கடைக்குப் போனாள். ஊருக்கு வெளியே நான்கு ஏக்கர் செம்மண்ணில் வரிசை வரிசையாக இறந்த வண்டிகள். அவரவர் ஸ்பானரோடு போய், அவரவர் வேண்டியதைக் கழற்றி, வாசலில் காட்டிக் காசு கொடுத்துவிட்டு வர வேண்டும்.

"ஸ்பீக்கரா? என்னம்மா, வண்டிய டான்ஸ் கிளப்பா மாத்தப் போறியா?" என்றார் நெவ். தொப்பையில் கண்ணாடியைத் துடைக்கும் மனிதர்.

"முழிச்சிருக்கணும் நெவ். அவ்ளோதான்."

"அப்ப என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. நாலு ஸ்பீக்கருக்குச் சமம். முப்பது வருஷமா நான் தூங்கல, பாரு மூஞ்சிய."

கடையில் டப்பாவோடு இருந்த புது ஜோடியின் காந்தம் ஆழமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் அதில்தான் வந்து உட்காரும் என்று நெவ்வே விரல்கடை வைத்துக் காட்டி அதைத் தள்ளினார். ஒரு சிவப்பு வண்டியில் கழற்றிய ஜோடியின் விளிம்பு நுரைப்பஞ்சு. கட்டைவிரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. மூன்றாவது, ஐந்தாம் வரிசையின் கடைசியில் கிடந்த வெள்ளைக் கார். அவளுடைய வண்டியேதான், அதே மாடல், அதே வருடம். விளிம்பு ரப்பர். இத்தனை வெயிலிலும் காது மடல் போல மெத்தென்று இருந்தது.

நெவ் அதைக் கையில் வாங்கி, நான்கு விரல்களால் கறுப்புக் கூம்பை மெல்ல அழுத்திவிட்டார். கரகரப்பு இல்லாமல் அது இறங்கி ஏறியது. சின்ன பேட்டரியின் இரு முனையைத் தொட்டார். தப் என்று கூம்பு எம்பியது.

"நல்ல நெஞ்சும்மா இதுக்கு" என்றார். பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எந்த வண்டியில் கழற்றினாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்தக் கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விதி அது. ஆள் செத்த வண்டி என்றால் முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இழுத்திருப்பார். அதன் வெளிப்பாகங்களை எடுக்கலாம். உள்ளிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது. வெள்ளைக் காரில் மஞ்சள் கோடு இல்லை. அவள் பார்த்தாள். சனிக்கிழமை பகலில் தானே உட்கார்ந்து இரண்டு கதவிலும் மாட்டினாள்.

அரட்டையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்து அடுத்தவர் பேசத் தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில் மறுபடி கேட்டது. உள்ளே. வெளியே. அவளுடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில், கதவிலிருந்து.

இரவு முழுக்கக் கேட்ட ஓசைதான் அது. முதியோர் இல்லத்தின் நீண்ட நடையில், இருபத்திரண்டு கதவுகளைத் தாண்டி அவள் நடக்கும்போது ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அது இருக்கும். வலி மூச்சு வேறு. பயந்த மூச்சு வேறு. இது தூங்குகிறவர்களின் மூச்சு. ஆழமாக, கவலையே இல்லாமல்.

அவள் ஒலியைக் கூட்டினாள். மூச்சும் கூடியது.

உப்புப் புதர்கள் இருபக்கமும் சாம்பல் நிறத்தில் ஓடின. வண்டியின் நிழல் இடதுபக்கம் செம்மண்ணின் மேல் நீளமாகக் கூடவே ஓடிவந்தது. செத்த கங்காரு ஒன்றின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தது. வண்டி பக்கத்தில் வந்தும் எழுந்திருக்கவில்லை. கொட்டாவி வந்தது கெரினுக்கு. தாடை விரிந்து கண்ணில் நீர் கட்டிய பெரிய கொட்டாவி. அது முடிந்தபோது தன் மூச்சு கதவின் மூச்சோடு சேர்ந்து போய்வருவதைக் கவனித்தாள். ஜன்னலை இறக்கினாள். அடுப்பைத் திறந்தது போல் சூடு முகத்தில் அடித்தது.

போனில் சிக்னல் வரும் ஒரே மேடு அந்த வழியில் உண்டு. அதில் ஏறியபோது அரட்டை தானாக நின்று, வந்து கிடந்த குரல் செய்தி ஓடத் தொடங்கியது. நெவ்.

"கெரின், நான்தாம்மா. அந்த ஸ்பீக்கர... அஞ்சாம் வரிசை வெள்ளைக் கார்லயா கழட்டுன? இப்பதான் நோட்டப் பாத்தேன். அது கோடு போட்ட வண்டிம்மா. முன்கண்ணாடி முழுசா இருந்துச்சுன்னு போன வாரம் ஒருத்தனுக்குக் கழட்டிக் குடுத்துட்டேன். கோடு அதோட போயிடுச்சு. நான் ஒரு மடையன். அதுல ஒரு பொம்பள, பின்னாடி அவ புள்ள. பிரேக் போட்ட தடமே இல்லயாம் ரோட்டுல. தூங்கிட்டா போல. நீ கொண்டாந்து குடுத்துரு, வேற தர்றேன். மாட்டிட்டியா? மாட்டிருந்தா..."

மேடு இறங்கியது. சிக்னல் போனது. செய்தி அங்கேயே நின்றுவிட, அதன் இடத்தை மூச்சு எடுத்துக்கொண்டது. இப்போது அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சின்னது, வேகமானது. குழந்தையின் தூக்க மூச்சு.

"எல்சி. எல்சி! தூங்காதடி."

"தூங்கலம்மா." குரல் குழைந்திருந்தது. "அந்த அக்காதான் தூங்குறாங்க."

"எந்த அக்கா?"

எல்சி கதவைக் காட்டினாள்.

லாரிகள் ஓய்வெடுக்கும் சரளைத் திடலைப் பார்த்ததும் கெரின் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். சாவியை எடுத்தாள். எஞ்சின் அடங்கியது, ஏசி அடங்கியது, டேஷ்போர்டின் விளக்குகள் அணைந்தன. மூச்சு அடங்கவில்லை.

டூல் பாக்ஸிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் மூடியை நெம்பினாள். ஒரு கிளிப் உடைந்து தெறித்தது. மூன்றாவது திருகாணி நழுவிப் புழுதியில் விழுந்தது. ஸ்பீக்கரை வெளியே இழுத்து, வயர் இரண்டையும் கட்டிங் பிளேயரால் வெட்டினாள். எதிலும் ஒட்டாத ஸ்பீக்கர் அவள் உள்ளங்கையில் கிடந்தது. கறுப்புக் கூம்பு மெல்ல எழுந்தது. இறங்கியது. எழுந்தது. ரப்பர் விளிம்பு வெதுவெதுப்பாக இருந்தது.

கத்தவில்லை. எல்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கதவிலும் வெட்டினாள். இரண்டையும் புதருக்குள் எறிந்தாள். ஒன்று கல்லில் பட்டு உருண்டு, வானத்தைப் பார்த்தபடி கவிழாமல் நின்றது.

வண்டிக்குள் நிசப்தம். நல்ல நிசப்தம். தெர்மாஸில் மிச்சமிருந்த காபியைக் குடித்தாள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், புறப்பட்டாள். தூக்கம் முழுக்கக் கலைந்திருந்தது. இத்தனை தெளிவாக அவள் எந்த ஞாயிறும் ஓட்டியதில்லை. சாலை கயிறு பிடித்தாற்போல் நேரே போனது. வெள்ளை உப்பு ஏரி வந்தது, போனது. மூன்று பெட்டி இழுக்கும் நீண்ட லாரி ஒன்றுகூட எதிரில் வரவில்லை. நினைத்ததைவிடச் சீக்கிரம் பிம்பாவின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பிறகு தகரக் கூரைகள். பிறகு அவள் வீட்டுக் கம்பிக் கதவு.

எஞ்சினை நிறுத்தினாள். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள். "வந்துட்டோம்டி" என்றாள்.

எல்சி இறங்கிப் போய்க் கம்பிக் கதவருகே நின்றாள். செருப்போடு. எப்போது போட்டுக்கொண்டாள்?

கெரினும் இறங்கக் கதவில் கை வைத்தாள். அப்போதுதான் நிழலைப் பார்த்தாள். இடதுபக்கம், செம்மண்ணின் மேல், வண்டியின் நிழல். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் எத்தனை நீளமோ அத்தனை நீளம். ஒரு விரல்கூடக் குறையவில்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓசை இல்லை. நாய் இல்லை. ஈ இல்லை.

முழங்காலுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் இருந்த வட்ட ஓட்டைக்குள், மூச்சு.

உள்ளே. வெளியே. வெளியே போகும்போது கடைசியில் ஒரு சின்ன விசில்.

அந்த விசிலை அவளுக்குத் தெரியும். பள்ளியில் பந்து பட்டு மூக்கு உடைந்த நாளிலிருந்து அவள் தூங்கும்போது வருவது. "ரயில் வந்துடுச்சு" என்று க்ளென் கேலி செய்வது.

மூச்சை அடக்கினாள். வாயைப் பொத்தினாள். பத்து வரை எண்ணினாள்.

ஓட்டைக்குள் அவள் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. ஆழமாக. கவலையே இல்லாமல்.

அதோடு, டயர் இரைச்சல். ஏசி முனகல்.

பிறகு டர்ர்ரென்ற அந்த அதிர்வு.

"அம்மா, ரோடு ஏன் உறுமுது?" ஓட்டைக்குள்ளிருந்து எல்சியின் குரல். ரொம்பத் தூரத்தில்.

கம்பிக் கதவருகே நின்ற எல்சி வாய் திறக்கவில்லை. சிரித்தபடி கையசைத்தாள்.

"அம்மா?"

"எல்சி!" கெரின் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் கத்தினாள். "எல்சி, அம்மாவ அடி! அடிச்சு எழுப்பு!"

மூச்சு. விசில். மூச்சு.

"அம்மா! அம்மா எந்திரி! அம்மா!"

உறுமல் நின்றது. டயர்கள் ஓரக்கோட்டைத் தாண்டிவிட்டன. வண்டியின் அடிவயிற்றில் சரளைக்கல் அடிக்கும் சத்தம், முதலில் ஒன்றிரண்டாக, பிறகு மழை போல.

கம்பிக் கதவருகே கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

கெரின் கண்ணைத் திறக்கப் பார்த்தாள். அது திறந்தே இருந்தது.