பெரியவருக்கு ஒரு போட்டோ

கேமராச் சத்தத்தை அவள் போனில் இன்னும் போட்டுக்கூடக் காட்டவில்லை. அதற்குள் பெரியவர் அதைச் சொல்லிவிட்டார். 'க்ளிக்-ஷ்ரக்.' சொன்ன கையோடு அவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

பெரியவர் என்பது அவள் வளர்க்கும் சாம்பல் கிளி. யார் வந்தாலும் ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பதால் அக்கா வைத்த பேர் அது. மரியாதையும் தானாக ஒட்டிக்கொண்டது. கால்நடை ஆஸ்பத்திரி போடும் காலண்டரில் ஒரு மாதம் அவருக்குத்தான். ஐந்தரைக்கு போட்டோகிராஃபர் வருகிறார். அதற்குள் குளிப்பாட்டி, அலகைத் துடைத்து, கூண்டைச் சுத்தம் பண்ண வேண்டும். கூடவே ஒரு பயிற்சி வேறு இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்: ஒரு தடவை கேமராச் சத்தம், உடனே ஒரு பாதாம். சில நாள் பழக்கினால் சத்தம் கேட்டதும் பறவை மிரளாது, தலையைத் தூக்கி வாயைத் திறக்கும், அதுதான் நல்ல போஸ். வழக்கம்போல எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டாள். பாதாம் பொட்டலம் பிரிக்காமல் மேஜைமேல், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?" என்றாள். பெரியவர் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கேயாவது கேட்டிருக்கும், விடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஒரு தடவை கேட்டதையெல்லாம் பெரியவர் பிடித்துக்கொள்ள மாட்டார். குக்கர் விசிலுக்கு ஒரு வாரம் ஆனது, அவள் தும்மலுக்குப் பத்து நாள்.

கூண்டின் அடித்தட்டை இழுத்தாள். நேற்று ராத்திரி படுக்கும்முன்தான் காகிதம் மாற்றியிருந்தாள். அதன்மேல் பழுப்பாக, சுருண்டு, பாதாம் தோல். ஏழெட்டு இருக்கும். பாதாமையே அவள் இன்றைக்குத்தான் வாங்கி வந்தாள்.

போட்டோகிராஃபரைக் கூப்பிட்டாள். "நீங்க முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு வந்தீங்களா?"

"நானா? உங்க தெருவே தெரியாம இங்க சுத்திக்கிட்டு இருக்கேங்க. அரை மணி ஆயிடும் போல."

அடுத்து அக்கா.

"உன்கிட்ட இருக்கிற சாவிய யாருக்காவது குடுத்தியாக்கா?"

"என் பையிலதான்டி இருக்கு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் என்ன! இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருஷம் அக்கா வீட்டு ஹால் மூலையில், யார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாலும் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, அரைத் தூக்கம். துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து கட்டையைச் சாய்த்தால் விடியும்வரை அசையாமல் தூங்குவது இங்கே வந்த பிறகுதான். அந்தத் தூக்கத்துக்காகத்தான் இந்த வீடு. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது.

வாசல் கதவின் மூன்று தாழ்ப்பாளையும் போட்டாள். மேல் தாழ்ப்பாள் எப்போதும்போல நாராசமாகக் கிரீச்சிட்டது. படுக்கையறையிலிருந்து பெரியவரும் அதே மாதிரி கிரீச்சிட்டார். இந்த வீட்டில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சத்தம் அதுதான்.

வேலையைப் பார்ப்போம் என்று கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரைப் புகைபோல அடித்துப் பெரியவரை நனைத்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்த சிறகின் புழுதி வாசனை, ஜன்னல் கம்பியில் காற்று, மேலே எங்கோ மரப்பலகை சூடு ஆறி நெறிகிற மெல்லிய சத்தம். ஒரு விரலைத் தொண்டையில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். பெரியவர் எந்தச் சத்தம் போட்டாலும் அந்த இடம் துடிக்கும்.

துடித்தது.

முதலில் ஒரு குறட்டை. அவளுடையதுதான். சீ, இவ்வளவு கேவலமாகவா என்று சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு முனகல், மரக்கதவு திறக்கிற மாதிரி. 'தொப்' என்று தரையில் ஏதோ மெதுவாக இறங்கியது. வெறுங்கால் டைல்ஸில் ஒட்டி ஒட்டி எடுக்கிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. 'க்ளிக்-ஷ்ரக்.' நறுக்கென்று பாதாம் உடைகிற சத்தம். மறுபடி கால்கள். மறுபடி மர முனகல். மறுபடி குறட்டை.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவள் காத்திருந்தாள். மேல் தாழ்ப்பாளுக்காக. வந்தவர் எப்படியோ திறந்து வந்திருக்க வேண்டும், திறந்து போயிருக்க வேண்டும். பெரியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார். அதே வரிசை. தாழ்ப்பாள் இல்லை.

யாரும் வரவில்லை.

யாரும் போகவும் இல்லை.

வாசல் கதவு இரும்பு. பீரோ இரும்பு. குளியலறைக் கதவு பிளாஸ்டிக். படுக்கையறைக்கு வெறும் திரைதான். இந்த வீட்டில் மரக்கதவு என்று ஒன்றே ஒன்றுதான். கட்டிலுக்கு நேர் மேலே, பரணுக்கு. ஏணி இல்லாததால் இதுவரை அவள் திறந்தே பார்க்காத கதவு.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. எழுந்து ஓடலாம். மூன்று தாழ்ப்பாள். அவளே போட்டது. மேல் தாழ்ப்பாள் சீக்கிரம் வராது.

"பெரியவரே," என்றாள்.

மரம் முனகியது.

பெரியவர்தான். பெரியவராகத்தான் இருக்க வேண்டும். விரலைத் தொண்டையில் அழுத்திப் பார்த்தாள்.

துடிக்கவில்லை.

'க்ளிக்-ஷ்ரக்.'

துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, பெரியவர் மேலே பார்த்து ஆசையாக வாயைத் திறந்தார். அவள் தலைமுடியை உரசிக்கொண்டு, மடியில் வந்து விழுந்தது ஒரு பாதாம்.