ஆளுக்கு ஒரு நிமிடம்

காலை பத்தரைக்கு ஹாக்கி ஆட்டம் முடிந்ததும் திருச்சி நடுநகர் அரங்கில் வழக்கம்போல் மணி அடித்தது. பதினொரு மணிக்கு அதே இடத்தில் நீச்சல் போட்டி. கூட்டம் பைகளை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தது.

அரங்கைச் சுற்றிக்காட்டும் மெகர், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த லூர்துமணிக்கும் அவள் கணவர் சேவியருக்கும் மேல் வரிசையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். புல்தரை சுருண்டு கீழே போகும். குளம் மேலே வரும். இருக்கைப் படிகள் மடிந்து, குளத்தருகே மறுபடி விரியும். ஒரு நாளைக்கு ஆறு முறை. மாலையில் கல்யாணம்கூட உண்டு. எல்லாம் ‘அரங்கறிவு’ என்ற கணினியின் பொறுப்பு.

உள்ளே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று லூர்துமணி கேட்டாள். இருக்கையில் விழும் எடைதான் அதற்குத் தெரியும் என்றாள் மெகர். முன்பு சிலர் எழ மறுத்து அடம்பிடித்ததால் இப்போது ஒரு விதி.

“ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் காத்திருக்கும் அக்கா. பத்து பேர் உட்கார்ந்தா பத்து நிமிஷம்.”

லூர்துமணி சிரித்தபடி திரும்பினாள். சேவியரைக் காணவில்லை.

குழந்தையோடு நின்ற ஒரு பெண் தயங்கியபடி சொன்னாள். பாப்பாவின் செருப்பு படியிடுக்கில் விழுந்துவிட்டதாம். அந்த அண்ணன்தான் எடுத்துத் தருகிறேன் என்று அடியில் இறங்கினாராம்.

காதுக்கருவியை விடுதியில் சார்ஜில் போட்டுவிட்டு வந்த மனிதர். மணி அவருக்குக் கேட்டிருக்காது. அரங்கின் மின்பலகையில், படிகள் மடிய இரண்டு நிமிடம் என்று எரிந்தது. மெகர் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். கையால் நிறுத்த எட்டு நிமிடம் ஆகும் என்றார்கள்.

லூர்துமணி அப்படியே உட்கார்ந்தாள். பலகை மூன்று என்றது. பக்கத்தில் மெகர் உட்கார்ந்தாள். நான்கு. அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்து அமர்ந்தாள்.

“பாப்பாவைத் தனியா உட்கார வைங்கம்மா. அதுக்கும் ஒரு நிமிஷம் உண்டுல்ல,” என்றார் வாசலிலிருந்து திரும்பி வந்த ஒருவர். தோற்ற அணியின் சட்டை போட்டிருந்தார். “இந்த டீமுக்காகவே ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்தேன். இதுக்கு உட்கார மாட்டேனா?”

செய்தி வாசல்வரை போனது. வெளியேறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்து வரிசை வரிசையாக அமர்ந்தார்கள். காணாமல் போனவர் யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக் காத்திருந்த நீச்சல்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பது. தொண்ணூறு. இருநூற்றுப் பதினான்கு.

லூர்துமணி கண்ணை மூடி ஜெபமாலையைப் பற்றிக்கொண்டாள்.

ஏழாவது நிமிடத்தில் சேவியர் படிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. கையில் சின்னச் சிவப்புச் செருப்பு. அதைப் பாப்பாவின் காலில் மாட்டிவிட்டு நிமிர்ந்தவர், நிரம்பியிருந்த வரிசைகளைப் பார்த்து விழித்தார்.

“என்ன லூர்துமணி, அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?” என்று சத்தமாகக் கேட்டார்.

லூர்துமணி பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

பலகையில் ஒரு நிமிடம் கூடியது.