கசியாத குழாய்

யோகேந்திரன் தன் நல்ல பெயருக்கு ஐயாயிரம் ரிங்கிட் விலை சொன்னார்.

"போன பேரைத் திருப்பி எடுத்துத் தாங்கோ. அட்வான்ஸ் இப்பவே தாறன்."

தெமியாங் கடைத்தெருவின் மாடி அறையில் சாய்ந்திருந்த வைரவன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, காப்புறுதி நிறுவனங்களுக்காகப் பொய்களைத் தோண்டி எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். கடைக்கே வரக்கூடாத சரக்கை ஒருவர் இவ்வளவு மலிவாகக் கொண்டுவந்து வைத்தால் அவருக்குப் பொறுக்காது.

"காசு கிடக்கட்டும் சார். சரக்கு எப்படிக் கெட்டுச்சு, அதைச் சொல்லுங்க."

யோகேந்திரன் பொறியாளர். கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழைய லய வரிசை வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிய புது வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் போட்டதை அவர்தான் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர். மண்ணை மூடிய பிறகு, யாரும் பயன்படுத்துவதற்கு முன், குழாயைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. குழாயின் இரு முனையிலும் ஆள் இறங்கிப் பார்க்கும் குழி இருக்கும்; சரிவின் அடியில் உள்ள கீழ்க் குழியில் குழாயின் வாயை ரப்பர் அடைப்பானால் மூடுவார்கள். காற்றடித்தால் வீங்கிக் குழாயோடு இறுகிக்கொள்ளும் பந்து அது. பிறகு மேல் குழியில் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்து நீர் ஊற்றுவார்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கடைசியாக ஒரு முனையில் விளக்கடித்து, மறு முனையில் கண்ணாடி பிடித்து, வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"மட்டம் ஒரு நூல்கூட இறங்கேல்லை. நான் கண்ணால பாத்தனான்."

"அப்புறம்?"

"முதல் வீட்டில தனபாக்கியம் எண்டு ஒரு மனுசி. தை பிறந்து பால் காய்ச்சிக் குடி வந்தவ. அந்தக் கிழமையே மகளுக்கு நிச்சயதார்த்தம்." அவர் குரல் தாழ்ந்தது. "தாம்பாளத் தட்டெல்லாம் வாசல்ல பரப்பி வச்சிருக்கேக்க, குழி பொங்கி வாசலுக்கு வந்திட்டுது. ரந்தாவ் ஊரிலயிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிட்டினம். அந்த வீட்டாக்கள் குழாய்க்குள்ள துணியைப் போட்டு அடைச்சுப்போட்டினம் எண்டு குத்தகைக்காரர் சொல்லுறார். அதுதான் உண்மையெண்டா நான் தப்பினன். இல்லையெண்டா..."



"துணிதான் அத்தான்!" என்று துள்ளினான் கிஷன். வைரவனின் மனைவியின் தம்பி. முப்பது வயதாகியும் எந்த வழக்கையும் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுபவன். "புது வீடு, பழைய பழக்கம். கேஸ் முடிஞ்சிருச்சு லா."

"கேஸ் முடியறது இருக்கட்டும். நீ பசியாறிட்டு வா. அங்க போனப்புறம் உனக்குச் சோறு இறங்காது."

தனபாக்கியம் வாசலைப் பல தடவை கழுவியிருந்தார். ஆனாலும் வந்தவர்களை உட்காரச் சொல்லக் கூசினார். உள்ளே ஒரு கதவு சாத்தியே இருந்தது.

"அன்னையிலருந்து புள்ள வெளிய வரல சார். மாப்பிள்ளப் பையன் போன் பண்றான், இவ எடுக்க மாட்டேங்கிறா. அவன் அம்மா, 'புது வீட்டையே இப்படி வச்சிருக்கிறவங்க பொண்ண எப்படி வளத்திருப்பாங்க'ன்னு நாலு பேர் கேக்கச் சொல்லிட்டுப் போயிருச்சு." அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "துணி, கிணி எதுவும் நாங்க போடல சார்."

"பக்கத்து வீட்டுக்காரங்க?"

"யாரும் இன்னும் சாவி வாங்கல. நாங்கதான் மொத ஆளு."

கிஷன் சரிவில் இறங்கி, கீழ்க் குழியின் மூடியை நெம்பித் திறந்து, அங்கிருந்தே கத்தினான். "அத்தான்! இங்க காஞ்சு கெடக்கு! சிலந்தி வலை பின்னியிருக்கு!" திரும்பி வரும்போது நடுவழியில் கால் இடறியது. குழாய் போகும் தடத்தில் மண் அமுங்கியிருந்தது. குறுக்கே கனமான டயர்த் தடம்.

"பழம் ஏத்துற லாரி சார்," என்றார் தனபாக்கியம். "குழாய் பொதைச்சப்பவும் இதே வழிதான் போகும், வரும்."

"தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணாங்களே, அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?"

"தண்ணி குடுத்ததே நாந்தானே. அப்ப எதிர் லயத்துல இருந்தோம். குத்தகைக்காரரோட சூப்பர்வைசர் சத்தியசீலன் ஒரு ட்ரம் கேட்டாரு. அதுலகூட மிச்சம் வச்சிட்டாரு. வாசல்ல இருக்கிற இந்த மேல் குழியிலதான் எறங்கி, சைக்கிள் பம்புல காத்தடிச்சாரு."

"இந்தக் குழியிலயா? கீழ்க் குழிக்குப் போகலையா?"

"போன மாதிரி தெரியல."

"எஞ்சினியர் சார் எங்க நின்னாரு?"

"அந்த மரத்தடியில. கறுப்பு வேட்டி, மாலை போட்ட சாமி. டீ போட்டுக் கொண்டுபோனேன். வேணாம்னு கைய காட்டிட்டாரு."

வைரவன் மரத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "கிஷன், போன் போடு. எஞ்சினியரும் சத்தியசீலனும் இங்க வரணும். ரெண்டு பேரும்."

பிற்பகலில் இருவரும் வாசலில் நின்றார்கள். மேல் குழியின் மூடி திறந்திருந்தது. நாற்றத்தை யாரும் கவனிக்காததுபோல் நடிப்பது கடினமாக இருந்தது.

"நான் கடையில வளந்தவன்," என்று ஆரம்பித்தார் வைரவன். "ஒரு பாத்திரம் எவ்வளவு கொள்ளும்னு பார்த்தவுடனே மனசு அளந்துரும். இங்கேருந்து அந்தக் கீழ்க் குழிவரைக்கும் குழாய் நிரம்பணும்னா நாலஞ்சு ட்ரம் குடிக்கும். ஆனா ஒரே ட்ரம், அதுலயும் மிச்சம். அதுக்குள்ள வயிறு நிறைஞ்சுதுன்னா, நீங்க ஊத்தினது முழுக் குழாய்க்கு இல்ல. அடைப்பானைக் கீழ வைக்கல. இங்கேயே, கையெட்டுற தூரத்துல வச்சீங்க. அந்தத் துண்டுக் குழாய் எப்படிக் கசியும்?"

சத்தியசீலன் திறந்த குழியை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"ஏன்னா நடுவுல, மண் அமுங்கியிருக்கிற இடத்துல, லாரி ஏறி குழாய் இணைப்பு ஒடஞ்சது உங்களுக்குத் தெரியும்."

"திரும்பத் தோண்டினா தேதி தவறிடும் சார்," என்று முனகினான் அவன்.

"சரி, ஏமாத்தினாரு," என்றான் கிஷன். "ஆனா வேலை முடிஞ்சதும் அடைப்பானை எடுத்திருக்கலாமே?"

"எப்படி எடுப்பாரு? கீழ இருக்குன்னு எஞ்சினியர்கிட்ட சொன்ன சாமானை, அவர் கண் முன்னாடி மேல இருந்து எப்படி உருவுறது?"

சத்தியசீலன் தலை குனிந்துகொண்டான். "நிமிந்த குழாய மட்டும் கழட்டினேன். எஞ்சினியர் சார் உடனே அவர் கார்லயே ஏறச் சொன்னாரு. மறுநாள் ரந்தாவ் சைட்டுக்கு அனுப்பிட்டாங்க. மறந்தே போச்சு. அம்மா, உங்க வீட்டு விசேஷம்னு சத்தியமா தெரியாது."

யோகேந்திரனுக்கு மூச்சு வந்தது. "அப்ப என்னை ஏமாத்திப்போட்டான்! என்ர பிழை இல்லை!"

"பாதிக் கணக்குதான் சார் முடிஞ்சிருக்கு," என்றார் வைரவன் மெதுவாக. "விளக்கடிச்சுக் கண்ணாடியில பார்த்ததாவும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பார்த்திருந்தா வட்டம் தெரிஞ்சிருக்காது, இருட்டுதான் தெரிஞ்சிருக்கும். யார் பார்த்தது?"

யோகேந்திரன் சத்தியசீலனைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவு இலேசாகத் திறந்தது.

"மாலை போட்டிருந்தனான்," என்றார் யோகேந்திரன். "விரதம். சாக்கடைக் குழிக்குள்ள குனியக் கூடாதெண்டு... இவன் பாத்து ஓகே எண்டான்."

"அன்னிக்கு அதுல யாரும் ஒரு சொட்டுக் கழிவுகூட விடல சார். கடையிலருந்து இறக்கின குழாய், இந்தம்மா குடிக்க வச்சிருந்த தண்ணி. உங்க பூஜைச் செம்பைவிடப் புதுசு. சாக்கடைங்கிற பேருக்கே ஒதுங்கிட்டீங்க. அசிங்கமானது அப்புறம்தான். அதுவும் இவங்க வாசல்ல."

யோகேந்திரனின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. டேங்கர் லாரி வந்து குழியை உறிஞ்சியதும் சத்தியசீலன் கொக்கியோடு முன்னால் வந்தான். அவர் அதை வாங்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்து, தலையைக் குழிக்குள் விட்டுத் துழாவினார். கறுத்து, வழவழவென்று, அடைப்பான் மேலே வந்தது. அதைக் கையில் பிடித்தபடி அவர் தனபாக்கியத்தின் முகத்தைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. கதவருகே நின்ற பெண் மட்டும் அவரைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

கழுவிக்கொண்டு, நனைந்த சட்டையோடே அவர் ரந்தாவுக்குப் போனார். மாப்பிள்ளையின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"அந்த வீட்டில பிழையில்லை அம்மா. பாக்காமக் கையெழுத்துப் போட்டது நான்."

அடுத்த வாரம் தாம்பாளங்கள் திரும்பி வந்தன. குத்தகைக்காரர் தன் செலவில் தோண்டி, உடைந்த இணைப்பை மாற்றினார். மறுசோதனையில் ட்ரம் ட்ரம்மாகத் தண்ணீர் போனது. யோகேந்திரன் இரண்டு குழிகளிலும் குனிந்து, வட்டத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

ஐயாயிரத்தை வைரவன் தொடவில்லை. "குழிக்குள்ள தலையை விட்டு நீங்களே எடுத்த பொருளுக்கு நான் எப்படிக் காசு வாங்குறது?"

புறப்படும்போது யோகேந்திரன் வாசலில் தயங்கினார். "அம்மா... அண்டைக்கு வேண்டாமெண்டனே, அந்த டீ..."

தனபாக்கியம் யோசித்தார். "இன்னைக்கு வேணாம் சார். மனசு இன்னும் வரல. கல்யாணத்துக்கு வாங்க, அப்பப் பாப்போம்."

காரில் ஏறியதும் கிஷன் கேட்டான், "கணக்கு நேராச்சா அத்தான்?"

வைரவன் விரல் விட்டு எண்ணினார். "குழாய், நேர். சம்பந்தம், நேர். கையெழுத்து, நேர்."

பின்னால் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்த பொறியாளரைக் கண்ணாடியில் பார்த்தார்.

"டீ ஒண்ணு பாக்கி."