இருபது நிமிடம் பின்தங்கிய கணினி

"நான் அழிக்கல சார். ஆனா என் பேர்லதான் அழிஞ்சிருக்கு. நாளைக்கு வேலை போயிடும்."

இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றானபோது நெட்வொர்க்குகள் தனித்தனியாகவே இருந்தன. ஒன்றின் ஆட்களை மற்றொன்றின் சர்வர் ஏற்கும்படி மட்டும் இணைத்தார்கள். புதுக் கட்டடத்தின் பதிவுப் பிரிவில் இருந்த இவளுக்கு, பழைய கட்டடத்து சர்வரில் ஸ்கேன் படங்களை அழிக்கும் அனுமதி போன வாரம்தான் கிடைத்தது. திங்கள் மதியம் ஒரு நோயாளியின் படங்கள் காணாமல் போயின. செத்துப்போன நோயாளி. குடும்பம் வழக்குப் போட்டிருந்தது.

துப்பறிபவரைக் 'கண்ணாடி' என்பார்கள். வாய் ஓயாத கூட்டாளியை 'ரேடியோ'. இருவரும் அவள் மேசைக்கு வந்தார்கள்.

"திங்கள் மதியம் எங்க இருந்தீங்க?"

"இதே நாற்காலியிலதான்."

"வசமா மாட்டிக்கிட்டீங்க" என்றார் ரேடியோ. "அதென்ன, உங்க கம்ப்யூட்டர்ல மணி இருபது நிமிஷம் லேட்டா காட்டுது?"

"எப்பவுமே அப்படித்தான். இத நம்பி எத்தனை பஸ்ஸ விட்டிருக்கேன்!"

"பழைய கட்டடத்து சர்வர்ல அந்தப் படங்க இருந்த ஃபோல்டரைத் திறங்க" என்றார் கண்ணாடி.

திறக்கவில்லை. அவர் கணினியின் மணியைச் சரிசெய்தார். திறந்தது.

"அந்த சர்வர் பேரை மட்டும் பாக்காதும்மா, மணியையும் பாக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா உள்ள விடாது. நீங்க நெனச்சிருந்தாலும் இங்கிருந்து அழிச்சிருக்க முடியாது."

"தப்பிச்சீங்க!" ரேடியோ மேசையைத் தட்டினார்.

"வேற கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல யாரோ நுழைஞ்சிருக்காங்க. பாஸ்வேர்டு என்ன?"

"அக்கா பொண்ணோட பிறந்தநாள்." சொல்லும்போதே குரல் இறங்கியது.

"அக்கா எங்க வேலை பாக்குறாங்க?"

"பழைய கட்டடம். ஸ்கேன் எடுக்குறா."

"வேற ஆளோட படத்தை இந்த நோயாளி பேர்ல போட்டிருப்பாங்க. வழக்கு வந்ததும் அதை மறைக்கப் பாத்திருக்காங்க. அவங்களுக்குப் படம் சேர்க்கத்தான் அனுமதி. அழிக்கிற அனுமதி உங்ககிட்ட."

அவள் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி இப்ப சரியா இருக்குல்ல? இப்படியே இருக்கட்டும் சார். எப்பவுமே சரியாத்தான் ஓடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"வேலை போயிடுமேம்மா" என்றார் ரேடியோ.

"எனக்கு வேலையோட போயிடும். அவ ஜெயிலுக்குப் போனா அந்தக் குழந்தைக்கு யாரு இருக்கா?"

கண்ணாடி மணியைத் திரும்ப மாற்றாமல் எழுந்து போனார். அன்று அவள் பஸ்ஸைத் தவறவிடவில்லை.